முதலில் சோதனை, பிறகு விற்பனை



நம் மோட்டார் உதிரி பாகக் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு போர்டு தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எலெக்ட்ரிக்கல் சாமான்கள் விற்றால் திரும்பப் பெறப்பட மாட்டாது. உத்தரவாதம் கிடையாது." காரியாபட்டியில் உள்ள என் கடையிலும் அந்தப் போர்டு பல வருடங்கள் தொங்கியது. அதை நான் கழற்றி வைத்த காரணத்தையும், மற்ற வியாபாரிகளும் கழற்றினால் நம் தொழிலுக்கு நல்லது என்று நான் நினைக்கும் காரணத்தையும் இங்கே எழுத விரும்புகிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். இன்ஜினியர் அல்ல. சரக்கு வாங்கி விற்றதில் கற்றுக் கொண்டதை மட்டுமே சொல்கிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள்க.

1998-ஆம் வருடம் ஐப்பசி மாதம். நல்ல அடைமழை. பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பூ வியாபாரி, தோட்டங்களில் மல்லிகையை வாங்கி, விடிவதற்குள் மதுரைப் பூ மார்க்கெட்டில் சேர்ப்பவர். கைமாற்று வாங்கி ஒரு பழைய ஆம்னி வேன் வைத்திருந்தார். அந்த வண்டி அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தது. ஆனாலும் மிஸ்ஸிங் அடித்து வழியில் நின்றது. மெக்கானிக் சொன்னார் என்று என் கடைக்கு வந்து காயில் வாங்கிப் போனார். மறுநாள் வந்து மூன்று பிளக் வாங்கிப் போனார். அதற்கு மறுநாள் பிளக் ஒயர் செட் வாங்கிப் போனார். நானும் கேட்டதைக் கொடுத்தேன், பணத்தை வாங்கிப் போட்டேன்.

நாலாம் நாள் வயதான வேறொரு மெக்கானிக், இருட்டிய பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்த்திருக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீலமாகப் பொறி ஓடியிருக்கிறது. மூடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால் உள்பக்கம் தலைமுடி அளவுக்கு ஒரு கருங்கோடு. மழை ஈரம் ஏறியதும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே இறங்கிப் போயிருக்கிறது. காயில் விலையோடு பார்த்தால் அந்த மூடியின் விலை சொற்பம்.

அன்று மாலை அவர் காயில், பிளக், ஒயர் மூன்றையும் என் மேஜை மேல் வைத்தார். "அண்ணாச்சி, இதுல எது கெட்டுப் போச்சுன்னு நான் மாத்தினேன்? நீங்களே சொல்லுங்க" என்றார். நான் வாய் திறக்காமல் போர்டைக் காட்டினேன். அவர் சாமான்களை எடுத்துக் கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் என் கடைப்படி ஏறவில்லை. மூன்று நாள் பூ வாடிப் போனதில் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை வேறொருவர் மூலம்தான் கேள்விப்பட்டேன். அந்த மூன்று சாமானில் எனக்குக் கிடைத்த லாபத்தைவிட அது பல மடங்கு.

இருவர் பக்கமும் நியாயம்

இதில் நான் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லத் தயாரில்லை. போர்டு மாட்டிய நம்மையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. சந்தேகப்படும் சாமானை எடுத்துவிட்டு, நல்ல சாமானைப் போட்டுப் பார்ப்பதுதான் மெக்கானிக்குக்குச் சுலபமான சோதனை. அந்த நல்ல சாமான் அவரிடம் இல்லை, நம் கடையில்தான் இருக்கிறது. ஆகவே வாங்கிப் போட்டுப் பார்க்கிறார். கோளாறு தீரவில்லை என்றால் திருப்பிக் கொண்டு வருகிறார். நாம் வாங்கிக் கொண்டால், ஒருமுறை வண்டியில் மாட்டிக் கழற்றிய சாமானைப் புதுசு என்று அடுத்தவருக்கு விற்க வேண்டும். அது நாணயம் அல்ல. வாங்காவிட்டால் வண்டிக்காரர் தேவையில்லாத சாமானுக்குப் பணம் கட்டுகிறார். அதுவும் நியாயம் அல்ல.

இந்தச் சிக்கலுக்கு மூலகாரணம், கோளாறு எதுவென்று தெரியுமுன்பே விற்பனை நடந்து விடுவதுதான். ஆகவே விற்பனைக்கு முன்னால் சோதனை வர வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரே நோய்க்கு ஒன்பது காரணம்

இக்னிஷன் வேலை செய்யும் விதம் கடைப் பையன்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். அதைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது. பழைய வண்டிகளில் பிளாட்டினம் பாயின்ட் திறந்து மூடி, காயிலின் கரண்ட்டைத் துண்டித்துத் துண்டித்து விடும். துண்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஹை டென்ஷன் கரண்ட் பிறக்கும். பாயின்ட் கருகாமல் காப்பது கண்டென்சர். பிறந்த கரண்ட்டை எந்த சிலிண்டருக்கு அனுப்புவது என்று பங்கிடுவது ரோட்டாரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும். கொண்டு போவது பிளக் ஒயர். கடைசியில் பிளக்கின் இடைவெளியில் பொறி விழுகிறது. அம்பாசடரில் இந்த வரிசை 1-3-4-2. மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் 1-3-2. ஒயரை மாற்றிச் சொருகினால் எல்லாச் சாமானும் புதுசாக இருந்தாலும் வண்டி ஓடாது.

போஷ் கம்பெனி 1902-இல் ஹை டென்ஷன் மேக்னெட்டோவையும் பிளக்கையும் கொண்டு வந்த காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. பேட்டரி, டெர்மினல், பாயின்ட், கண்டென்சர், காயில், மூடி, ரோட்டார், ஒயர், பிளக் ஆகியவற்றில் எது கெட்டாலும் வண்டிக்காரர் சொல்வது ஒன்றுதான்: "ஸ்டார்ட் ஆகல" அல்லது "மிஸ்ஸிங் அடிக்குது." அந்த ஒரு வார்த்தையை வைத்து எந்தச் சாமானைக் கொடுப்பது? நாம் குறி சொல்பவர்கள் அல்லவே.

செலவில்லாத சோதனை முதலில்

அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் நான் கண்ட வழக்கம், காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்வது.

முதலில் பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளையைத் துடைத்து, எர்த் ஒயரை முறுக்கிப் பார்க்க வேண்டும். "காயில் போச்சு" என்று வந்த வண்டிகளில் சில இதிலேயே சரியாகியிருக்கின்றன.

அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி முகத்தைப் பார்க்க வேண்டும். இளம் காவி நிறம் என்றால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் ஆயில் மேலேறுகிறது. அதற்கு எத்தனை பிளக் மாற்றினாலும் தீராது, இன்ஜின் வேலைதான் பார்க்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் சூடு மிஞ்சுகிறது அல்லது பெட்ரோல் போதவில்லை. பழைய பிளக்கைக் கையோடு கொண்டு வரச் சொல்லிப் பாருங்கள். பாதி விவரம் அதிலேயே இருக்கும். அதன் நம்பரையும் பார்க்காமல் புதியதைக் கொடுக்காதீர்கள். மரை நீளம் கூடுதலான பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் முட்டும்.

பிறகு மூடியையும் பிளக் ஒயரையும் இருட்டில் பார்ப்பது. என் பூ வியாபாரியின் வண்டியை நிறுத்தியது இதுதான். நம் பக்கம் பெரும்பாலும் வறண்ட பூமி. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் இறங்குகிறது. தீபாவளிச் சரக்கு ஓடுவதும் அதே நேரம்தான். ஒன்பது மாதம் வெயிலில் வெடித்துக் கிடந்த மூடியும் ஒயரும் முதல் மழையில் வேலையைக் காட்டும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் மூடி, ரோட்டார், ஒயர் மூன்றையும் துடைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது நம் கடமை.

பாயின்ட் உள்ள பழைய வண்டி என்றால் பில்லர் கேஜ் வைத்து இடைவெளி பார்க்க வேண்டும். அம்பாசடர் போன்றவற்றுக்கு ஏறக்குறைய 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட் சீக்கிரம் கருகுகிறது என்று மாதம் ஒரு பாயின்ட் வாங்கும் ஆள் வந்தால், அவருக்கு அடுத்த பாயின்ட்டை விற்காதீர்கள். கண்டென்சரைப் பாருங்கள். அடுத்து காயிலைப் பாருங்கள். பல்லாஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கான காயிலில் பிரைமரி சுமார் 3 ஓம் காட்டும். ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்யும் காயில் அதில் பாதிதான் காட்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே டப்பாதான். இரண்டாவதை முதல் வண்டியில் மாட்டினால் பாயின்ட்டும் கருகும், காயிலும் கொதிக்கும். இதில் தவறு மெக்கானிக்குடையது அல்ல, எடுத்துக் கொடுத்த கடைக்காரருடையது.

கடைசியாகத்தான் காயிலை மாற்றும் பேச்சு வர வேண்டும். காயில் சோதனையில் ஒரு ஏமாற்றம் உண்டு. சூடேறினால் மட்டும் நிற்கும் காயில், கழற்றி நம் மேஜைக்கு வருமுன் ஆறிவிடும். மீட்டர் வைத்தால் "நல்ல காயில்" என்று காட்டும். அரைமணி நேரம் ஓடி, வண்டி நின்ற அந்த இடத்திலேயே பார்த்தால்தான் உண்மை தெரியும். இப்படிப்பட்ட காயிலைத்தான் நாம் "உன் காயில் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒயரைக் கழற்றி இன்ஜினில் காட்டிப் பொறி பார்ப்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். கையில் அடித்தால் ஆளையே தூக்கிப் போடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. பெட்ரோல் கசிவு இருந்தால் தீப்பிடிக்கும். நாம் இருப்பதோ பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் மாவட்டத்தில். 2024 மே மாதம் நம் காரியாபட்டி வட்டத்திலேயே கல்குவாரி வெடிபொருள் வெடித்து உயிர்கள் பறிபோயின. அதற்குக் காரணம் வண்டியின் இக்னிஷன் என்று நான் சொல்லவில்லை. மருந்துச் சரக்கு ஏற்றிய வண்டி நின்றுவிட்டால், சரக்குக்குப் பக்கத்தில் நின்று பொறி பார்க்கும் துணிச்சல் நமக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வண்டியைத் தள்ளி, தூரமாக நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். இதை நம் டிரைவர்களிடம் ஒவ்வொருவரும் சொல்லி வைக்க வேண்டும்.

புது வண்டி, பழைய தவறு

"அம்பாசடர் 2014-லேயே நின்று போனது, மாருதி 800-உம் அதே வருடம் நின்றது, ஆம்னி 2019-இல் நின்றது. இப்போது எதற்கு இந்தப் பாயின்ட்டும் கண்டென்சரும்?" என்று இளைய வியாபாரிகள் கேட்கலாம். நம் கிராமங்களில் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில், புது வண்டியிலும் நாம் அதே தவறைத்தான் செய்கிறோம் என்பது.

இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. கோளாறு வந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் மாட்டினால் பி 0301 என்று காட்டுகிறது. உடனே "முதல் காயில் போச்சு" என்று சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் அந்த நம்பர் காயில் கெட்டது என்று சொல்லவில்லை. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், ஒயர் சாக்கெட்டாக இருக்கலாம், கம்ப்ரஷன் குறைவாகவும் இருக்கலாம்.

இதற்குப் பைசா செலவில்லாத சோதனை உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை முதலில் மாட்ட வேண்டும். பழைய கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், பி 0302 என்று மாறி வந்தால் காயில் கெட்டது உறுதி. பி 0301-ஆகவே நின்றால் காயிலில் குற்றமில்லை. அதே மாதிரி பிளக்கையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை. இதைச் செய்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விற்றால் போதும். பழைய வண்டிப் பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போதே காயில் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பெட்டி வரைக்கும் பாதிக்கும்.

மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியை "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று ஓட்டுவதும் தவறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். பாரத் ஸ்டேஜ் 6 விதிமுறை 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிறகு அந்த பாகத்தின் விலை என்ன என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு பிளக்கில் முடிய வேண்டிய செலவு அங்கே போய் நிற்கும்.

போலிச் சரக்கு

இன்னொரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மதுரை டி.வி.எஸ். 1911-இல் தொடங்கியது. பெங்களூர் மைக்கோ 1951-இல் தொடங்கி 2008-இல் போஷ் என்று பெயர் மாறியது. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் ஏற்பட்டது. இப்படிப்பட்ட கம்பெனிகளின் பெயரை நம்பித்தான் இக்னிஷன் சாமான் விற்பனை நடக்கிறது. அதே பெயரை அச்சடித்த டப்பாவில் டூப்ளிகேட்டும் வருகிறது. பில் இல்லாமல், பாதி விலைக்கு, வாசலுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். புதுசாக மாட்டிய சாமானே கெட்டது என்றால் மெக்கானிக் எதைத்தான் நம்பிச் சோதனை செய்வார்? மூன்று நாள் வேறு இடத்தில் தேடிக் கொண்டிருப்பார். இக்னிஷன் சாமானில் டூப்ளிகேட் என்பது வண்டிக்காரரின் பணத்தோடு மெக்கானிக்கின் அறிவையும் கெடுக்கிறது.

சட்டமும் சும்மா இல்லை. 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின்படி பொய்ச் சின்னம் இட்ட சரக்கை விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரியாமல் விற்றவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அவர் தகுந்த எச்சரிக்கையோடு இருந்தார் என்றும், யாரிடம் வாங்கினார் என்ற முழு விவரத்தைக் கொடுத்தார் என்றும் காட்ட வேண்டும். பில் இல்லாத கொள்முதலில் இதை எப்படிக் காட்டுவது? முன்பு பல உதிரிகளுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, அதனால்தான் பில் போட முடியவில்லை என்று சாக்குச் சொன்னோம். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் உதிரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 18 சதவீதம் ஆகிவிட்டது. அந்தச் சாக்கும் இப்போது பலமிழந்து விட்டது.

போர்டு சட்டப்படி செல்லுமா?

2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழுதுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே "திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற போர்டு பழுதுள்ள சாமான் விஷயத்தில் நம்மைக் காப்பாற்றாது.

ஆனால் கவனியுங்கள். சட்டம் சொல்வது பழுதுள்ள பொருளைப் பற்றி. மெக்கானிக் தவறாக ஊகித்து வாங்கிய நல்ல பொருளைப் பற்றி அல்ல. திரும்பி வரும் காயில் இந்த இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல வழி என்ன? சோதனை ஒன்றுதான். சோதனை செய்யத் தெரியாத கடைக்காரர் இரண்டையும் மறுத்துச் சட்டத்தில் மாட்டுவார், அல்லது இரண்டையும் வாங்கி நஷ்டப்படுவார்.

என் யோசனை

இப்போது என் கடையில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர், பில்லர் கேஜ், பிளக் ஸ்பேனர், கையில் பிடிக்காமல் பொறி பார்க்கும் ஸ்பார்க் டெஸ்டர், நன்றாக வேலை செய்யும் காயில் இரண்டு வகை, கண்டென்சர் ஒன்று, ஒயர் செட் ஒன்று. சாமான்களுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன், விற்பனைச் சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. தெரிந்த மெக்கானிக் வந்து காயில் கேட்டால், "முதலில் இதைப் போட்டுப் பாருங்கள்" என்று பெட்டியிலிருந்து கொடுக்கிறேன். முழு விலையையும் டெபாசிட்டாக வாங்கிக் கொள்கிறேன். அன்று சாயங்காலத்துக்குள் திருப்பித் தந்தால் டெபாசிட் வாபஸ். கோளாறு காயில்தான் என்று தெரிந்தால் புதுசு வாங்கிப் போகிறார். ஒரு நோட்டில் தேதி, வண்டி, சொன்ன கோளாறு, கண்ட கோளாறு நான்கையும் எழுதுகிறோம். அந்த நோட்டு கடைப் பையன்களுக்கு இப்போது பாடப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளை நான் அறிவேன். "பெட்டிக்கு முதல் போட வேண்டுமே" என்பார்கள். சில்லறைக் கடையில் ஒரு மாதம் திரும்பி வந்து மூலையில் கிடக்கும் சாமான்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள், பெட்டியின் விலை அதற்குள் அடங்கும். "மெக்கானிக் எடுத்துக் கொண்டு போய்விடுவார்" என்பார்கள். டெபாசிட் நம் கையில் இருக்கிறது. "கூட்ட நேரத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம்" என்பார்கள். இது நியாயமான ஆட்சேபணை. தீபாவளி வாரத்தில் எனக்கும் முடிவதில்லை. ஆனாலும் "பழைய சாமானைக் கொண்டு வந்தீர்களா, இடம் மாற்றிப் பார்த்தீர்களா" என்ற இரண்டு கேள்விக்கு எந்தக் கூட்டத்திலும் நேரமுண்டு.

"விற்பனை குறையுமே" என்பதுதான் எல்லோர் மனதிலும் உள்ள ஆட்சேபணை. உண்மைதான், குறையும். மூன்று சாமான் விற்ற இடத்தில் ஒன்று விற்கும். பெட்டி வைத்த முதல் வருடம் என் காயில் விற்பனை குறைந்ததை நானே பேரேட்டில் பார்த்தேன். ஆனால் ஆவியூர், மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கத்திலிருந்து முன்பு நேரே மதுரைக்குப் போய்க் கொண்டிருந்த மெக்கானிக்குகள் சிலர் என்னிடம் வரத் தொடங்கினார்கள். மதுரையோடு விலையில் போட்டி போட நம் ஊர்க் கடைகளால் முடியாது. ஊரிலேயே சோதித்துப் பார்த்து வாங்கலாம் என்ற வசதியை மதுரையும் கொடுக்க முடியாது, பெரிய கம்பெனிகளின் ஆன்லைன் விற்பனையும் கொடுக்க முடியாது. நம்மிடம் மிச்சமிருக்கும் பலம் அது ஒன்றுதான்.

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. சோதனையில் கெட்டது என்று தெரிந்த சாமானைச் சில்லறைக் கடைக்காரர் திரும்ப வாங்க வேண்டுமானால், அவரிடமிருந்து நான் வாங்க வேண்டும், என்னிடமிருந்து கம்பெனி வாங்க வேண்டும். நடுவில் நான் கையை விரித்தால் அவர் மறுபடியும் போர்டு மாட்டத்தான் செய்வார். என்னிடம் பில்லோடு வாங்கிய இக்னிஷன் சாமான் சோதனையில் கெட்டது என்று தெரிந்தால், கம்பெனி முடிவு சொல்லும் வரை காத்திராமல் நான் மாற்றிக் கொடுக்கிறேன். இதில் வருடத்துக்குக் கொஞ்சம் கைநஷ்டம் உண்டு. அதைக் கடைச் செலவில் எழுதிக் கொள்கிறேன்.

நம் சங்க நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, புது வண்டிகளுக்கான ஸ்கேனரை ஒவ்வொரு சின்னக் கடைக்காரரும் வாங்குவது கஷ்டம். சங்கத்தின் பொறுப்பில் வட்டத்துக்கு ஒன்று வாங்கி, முறை வைத்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும். இரண்டு, புரட்டாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடைப் பையன்களையும் மெக்கானிக்குகளையும் ஒன்றாக உட்கார வைத்து, ஓர் அனுபவசாலியைக் கொண்டு இந்தச் சோதனைகளைச் செய்து காட்ட வேண்டும். டீச் செலவை நான் ஏற்றுக் கொள்கிறேன்.

என் கடையில் பழைய போர்டு இருந்த இடத்தில் இப்போது வேறு போர்டு இருக்கிறது. "பழைய சாமானைக் கொண்டு வாருங்கள். சோதித்து வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள்." அந்தப் பூ வியாபாரி இன்று வேறு வண்டி வைத்திருக்கிறார், அவர் மகன்தான் ஓட்டுகிறான். வண்டிக்குச் சாமான் இன்னும் மதுரையில்தான் வாங்குகிறார்கள். கல்யாண வீடுகளில் அவரைப் பார்க்கும்போது வணக்கம் சொல்லிக் கொள்கிறோம், வியாபாரப் பேச்சு எடுப்பதில்லை. ஒரு வாடிக்கையாளரைப் போர்டைக் காட்டி அனுப்புவதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆனது. திரும்ப அழைப்பதற்கு இருபது வருடத்துக்கு மேலாகியும் முடியவில்லை. உங்கள் கடையிலும் அந்தப் போர்டு இருந்தால், இந்த ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக் கொள்கிறேன்.

— மோட்டார் உதிரி பாக மொத்த வியாபாரி ஒருவர், காரியாபட்டி